எந்த வண்டி எந்த ஆர்டருக்கு?

புதுச்சேரி நெல்லித்தோப்பில் மெஸ் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ரெண்டு கம்பெனிக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்கிறேன். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். ஒருத்தர் வந்து, ஆட்டோமேஷன் சாஃப்ட்வேர் போடுங்க, எல்லாம் தானா நடக்கும் என்கிறார். இன்னொருத்தர், கம்பெனிகளுக்குச் சாப்பாடு பிடித்துக் கொடுக்கிற ஆப்பில் சேரச் சொல்கிறார். ரெண்டுக்கும் செலவு செய்ய முடியாது. எது நல்லது சார்?"

செல்போன் திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆர்டர் வரும், பில் போகும். உள்ளே நடக்கிற வேலை மட்டும் வேறு வேறு.

ஆட்டோமேஷன் சாஃப்ட்வேர் என்பது விதிகளின் சங்கிலி. 2011-ல் தொடங்கிய ஜேப்பியர் முதல் இன்று சந்தையில் இருக்கும் பலவும் இந்த வகைதான். கம்பெனியிலிருந்து காலையில் '62 சாப்பாடு' என்று படிவம் வந்தால் அந்த எண்ணை ஷீட்டில் எழுது; 50-ஐத் தாண்டினால் சமையல் மாஸ்டருக்குச் செய்தி அனுப்பு; மாதக் கடைசியில் கூட்டிப் பில் போடு. விதியைச் சொல்வது நீங்கள், சலிக்காமல் செய்வது அது. விற்க வருபவரிடம் ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள்: நெட் தகராறில் ஒரே ஆர்டர் இரண்டு முறை வந்தால் என்ன ஆகும்? நல்ல அமைப்பு என்றால் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி எண் இருக்கும். அதே எண் மறுபடி வந்தால் ஒதுக்கிவிடும். இல்லாவிட்டால் 62 சாப்பாடு 124 ஆகிவிடும்.

ஆனால் இந்த சாஃப்ட்வேர் புதிதாக ஒரு வாடிக்கையாளரைக்கூடக் கொண்டுவராது. அது ஆப்பின் வேலை. அமெரிக்காவில் பாஸ்டனில் 2007-ல் தொடங்கிய ஈஸிகேட்டர், அலுவலகங்களையும் உணவகங்களையும் இப்படித்தான் சேர்த்து வைக்கிறது. நம் ஊரில் வீடுகளுக்குக் கொண்டுவரும் ஸ்விகி, ஜொமாட்டோவுக்கும் அடிப்படை இதே. வாங்குபவர் கூடினால் கடைகள் வரும், கடைகள் கூடினால் வாங்குபவர் வருவார்கள். அந்தக் கூட்டத்துக்குத்தான் ஒவ்வொரு ஆர்டரிலும் கமிஷன் பிடிக்கிறார்கள்.

ஆக, நிலையான இரண்டு கம்பெனி போதும், கணக்கு வழக்குதான் தலைவலி என்றால் ஆட்டோமேஷன். அதையும் இலவசத் திட்டத்தில் தொடங்கிப் பாருங்கள். இன்னும் நூறு சாப்பாடு சமைக்க இடமும் ஆளும் இருக்கிறது, வாங்கத்தான் ஆளில்லை என்றால் ஆப். கமிஷன் போக ஒரு சாப்பாட்டுக்கு என்ன நிற்கும் என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

சரி, இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஆட்டோமேஷன் ஒரு நேரத்தில் ஒரு ஆர்டரைத்தான் பார்க்கிறது. ஆப் அப்படியிருக்க முடியாது. மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஊர் முழுக்க ஆர்டர், ஊர் முழுக்க வண்டி. எந்த வண்டி எந்த ஆர்டருக்கு?

சிறிய கணக்காக எடுத்துக்கொள்வோம். லாஸ்பேட்டை, பஸ் ஸ்டாண்ட், முதலியார்பேட்டை என மூன்று இடங்களில் மூன்று வண்டிகள். தட்டாஞ்சாவடி, நெல்லித்தோப்பு, கடற்கரைச் சாலை என மூன்று கடைகளில் பார்சல் காத்திருக்கிறது. போய்ச் சேர ஆகும் நிமிடங்களை இதே வரிசையில் வைப்போம் (எண்கள் நான் வைத்தவை): லாஸ்பேட்டை வண்டிக்கு 6, 12, 14. பஸ் ஸ்டாண்ட் வண்டிக்கு 9, 4, 7. முதலியார்பேட்டை வண்டிக்கு 18, 7, 16.

யாருக்கும் முதலில் தோன்றுவது, மிகக் கிட்டத்தில் இருப்பவரை அனுப்புவதுதான். பஸ் ஸ்டாண்ட் வண்டி நெல்லித்தோப்புக்கு, 4 நிமிடம். லாஸ்பேட்டை வண்டி தட்டாஞ்சாவடிக்கு, 6. மீதி இருக்கும் முதலியார்பேட்டை வண்டி ஊரைக் கடந்து கடற்கரைக்கு, 16. மொத்தம் 26.

இப்போது வேறு மாதிரி செய்வோம். ஒவ்வொரு வண்டியின் வரிசையிலும் இருக்கும் மிகச் சிறிய எண்ணை அந்த வரிசை முழுவதிலிருந்தும் கழியுங்கள். லாஸ்பேட்டையில் 6 போனால் 0, 6, 8. பஸ் ஸ்டாண்டில் 4 போனால் 5, 0, 3. முதலியார்பேட்டையில் 7 போனால் 11, 0, 9. இப்படிக் கழித்தால் விடை மாறிவிடாதா? மாறாது. லாஸ்பேட்டை வண்டி எப்படியும் ஏதோ ஒரு ஆர்டரை எடுத்தே ஆகவேண்டும்; அதன் வரிசை முழுவதும் 6 குறைந்தால் எல்லாத் திட்டங்களின் மொத்தமும் சரியாக 6 குறையும். எது சிறந்த திட்டமோ அதுவே சிறந்ததாக இருக்கும்.

கடைகளுக்கும் இதே வேலை. தட்டாஞ்சாவடியிலும் நெல்லித்தோப்பிலும் ஏற்கெனவே பூஜ்யம் வந்துவிட்டது. கடற்கரைக்கு 8, 3, 9 இருக்கிறது. 3-ஐக் கழித்தால் 5, 0, 6. இனி பூஜ்யங்களை மட்டும் பாருங்கள். முதலியார்பேட்டைக்கு நெல்லித்தோப்பில் மட்டும்தான் பூஜ்யம், லாஸ்பேட்டைக்குத் தட்டாஞ்சாவடியில் மட்டும். பஸ் ஸ்டாண்ட் வண்டிக்குக் கடற்கரை. நிமிடங்கள் 6, 7, 7. மொத்தம் 20.

நாம் கழித்தவற்றையும் கூட்டுங்கள்: 6, 4, 7, 3. அதுவும் 20! தற்செயல் இல்லை இது. கழித்த பிறகும் எந்த எண்ணும் பூஜ்யத்துக்குக் கீழே போகவில்லை. ஆகவே எப்படிப் பிரித்தாலும் 20-க்குக் கீழே போகவே முடியாது. விடையைக் கண்டுபிடித்த அதே வேலை, இதைவிட நல்ல விடை கிடையாது என்று நிரூபித்தும் கொடுத்துவிட்டது. எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் எனக்கு இது புல்லரிக்கிறது.

பெரிய கணக்கில் பூஜ்யங்கள் இவ்வளவு சுலபமாக அமையாது. கோடு போட்டு மறைத்து, மீண்டும் கழித்துக் கூட்டும் படிகள் உண்டு. ஆனாலும் லாபம் அபாரம். 20 வண்டி, 20 ஆர்டர் என்றால் இணைக்கும் வழிகள் ஏறக்குறைய 24 ஆயிரம் கோடி கோடி. ஒவ்வொன்றாகப் பார்த்தால் சாதாரணக் கணினிக்குச் சாப்பாடு ஆறுவதற்குள் முடியாது. கழித்தல் முறைக்கு 20-இன் கனம் (20 × 20 × 20), அதாவது சில ஆயிரம் படிகள் அளவில் போதும்.

இதை 1955-ல் வெளியிட்டவர் அமெரிக்கரான ஹரோல்ட் கூன். ஹங்கேரியர்களான கோனிக், எகர்வாரி இருவரின் ஆய்வுகள் மேல் கட்டியதால் 'ஹங்கேரிய முறை' என்று பெயர் வைத்தார். பிற்பாடு பார்த்தால், 1851-ல் இறந்துபோன ஜெர்மன் கணித மேதை யாக்கோபி எழுதி வைத்திருந்த லத்தீன் கட்டுரை ஒன்றில் இதே விடை இருந்தது. அவருக்குச் சாப்பாட்டு ஆப்பும் தெரியாது, மோட்டார் சைக்கிளும் தெரியாது. "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று கணித ஆய்வுக்கு நிதி கேட்பவரிடம் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. பயன் வர நூறு வருஷம் ஆகலாம். அதுவரை கணிதத் துறைக்குச் சோறு போட வேண்டியது அரசின் கடமை.

அப்புறம், இந்த முறை எதைக் குறைக்கிறது என்பது அட்டவணையில் நாம் என்ன எழுதுகிறோமோ அதைப் பொறுத்தது. நிமிடம் எழுதினால் நிமிடம் குறையும். காலையிலிருந்து ஒரு ஆர்டரும் கிடைக்காத வண்டிக்காரரின் எண்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் குறைத்து எழுதலாமா? வண்டியும் ஆர்டரும் சமமாக இருந்தால் பலனில்லை; வரிசை முழுக்கக் குறைத்தால் விடை மாறாது என்று மேலே பார்த்தோம், அவருக்கும் எப்படியும் ஒரு ஆர்டர் கிடைத்துவிடும். வண்டிகள் அதிகமாகவும் ஆர்டர் குறைவாகவும் இருக்கும் நேரத்தில்தான் அந்த இரண்டு நிமிடம் வேலை செய்யும். சும்மா நிற்கப்போகிறவர்களில் ஒருவர் மாறலாம். அப்படி எழுதுகிற நிறுவனத்துக்கு மொத்த நேரம் கொஞ்சம் கூடலாம். அதை ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் கட்சி.