தண்டவாளத்துக்கு அடியில் ஓடும் வயர்

தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் ஒரு நாள் போன் செய்தார். “தம்பி, வீட்டுல நான் கட்டி வச்சிருக்கிற குட்டி ரயில் ஓடும்போது எங்கேயோ கருகிற வாடை வருது. எந்த இடம்னு கண்டுபிடிக்க முடியல. கொஞ்சம் வந்து பாருங்க.”

மலேசியாவில், சுங்கை சிப்புட்டிலும் சுற்றுத் தோட்டங்களிலும் பல வருஷமாக நான் வயர்மேன் வேலை பார்க்கிறேன். லயத்து வீடு, கோயில், கடை வரிசை என்று ஏறாத கூரை இல்லை. ஆனால் அன்று பார்த்த மாதிரி ஒரு வேலையை அதுவரை பார்த்ததில்லை. பின் அறையை முழுசாக அடைத்து ஒரு பலகை மேடை. அதன் மேல் குட்டி வடிவில் 1960களின் சுங்கை சிப்புட் ஸ்டேஷன். பால் மரக் காடு, ரப்பர் ஷீட் காய வைக்கும் புகைக்கூடு, தண்ணீர்த் தொட்டி, கொடி பிடித்து நிற்கும் ஸ்டேஷன் மாஸ்டர். தண்டவாளத்தில் நம் பழைய மலாயா ரயில்வேயின் 56ஆம் வகுப்பு நீராவி எஞ்சின். நிஜ எஞ்சின்களை 1938 முதல் 1946 வரை கிளாஸ்கோவில் கட்டி இங்கே அனுப்பினார்கள்.

நம் நாட்டு ரயில் பாதையின் அகலம் 1 மீட்டர். அதை 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறக்குறைய 11.5 மில்லிமீட்டர் வரும். சுலபமாகக் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தைப் போட்டால் ரயில் சப்பையாகத் தெரியும் என்று 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தைத் தேடி வாங்கிப் போட்டிருந்தார் ஐயா. மேட்டுக்குத் தூவிய செம்மண்ணும் நம் தோட்டத்து மண்தான். அதில் இரும்புத் தூள் இருக்கும், எஞ்சினுக்குள் போனால் மோட்டார் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று காந்தத்தால் துழாவி எடுத்த பிறகே தூவியிருக்கிறார். அவ்வளவு நுணுக்கம்.

அப்புறம் மேடைக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்தேன். மேலே இருந்த அந்தக் கவனம் கீழே இல்லை. ஸ்பீக்கருக்கு இழுக்கும் மெல்லிய வயர், அதுவும் 12 மீட்டர் நீளத்துக்கு. ஒவ்வொரு இணைப்பும் முறுக்கி டேப் சுற்றியது. ஒரு டேப்பைத் தொட்டேன், சூட்டில் பசை உருகி விரலோடு வந்தது. அதற்கு நேர் மேலே, தடம் பிரியும் இடத்தில், தண்டவாளத்தைத் தாங்கும் இரண்டு பிளாஸ்டிக் கட்டைகள் வளைந்து கிடந்தன.

“12 வோல்ட், 15 வோல்ட்தானே தம்பி, இது என்ன செய்யும்?” என்று கேட்டார். ரயில் கட்டுகிற எல்லாரும் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். நம் ஸ்டேஷனில் இப்போது ஓடும் மின்சார ரயிலுக்கு மேல் கம்பியில் 25,000 வோல்ட், அதன் பக்கத்திலேயே யாரும் போக மாட்டோம். 15 வோல்ட்டைக் கையால் தொட்டால் உறைக்காது. ஆள் தூக்கி அடிக்காது என்பது உண்மை. தீப்பிடிக்காது என்பது உண்மை இல்லை.

ஒவ்வொரு எஞ்சினுக்கும் தண்டவாளம் வழியாகவே தனித்தனிக் கட்டளை அனுப்பும் இந்தக் கால டிசிசி முறையில் தண்டவாளம் முழுக்க எப்போதும் சுமார் 15 வோல்ட் இருக்கும், ரயிலை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி 5 ஆம்பியர் வரை கொடுக்கும். இரண்டையும் பெருக்கினால் 75 வாட். நான் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் 40 வாட்தான். ஒரு எஞ்சின் தடம் புரண்டு இரண்டு தண்டவாளத்தையும் குறுக்கே தொட்டால், அந்த 75 வாட்டும் எந்த இணைப்பு மோசமோ அந்த ஒரு புள்ளியில் போய் உட்காரும்.

வீட்டில் மெயின் பெட்டி இருக்கிறதே, கரண்ட்டை நிறுத்தாதா? நிறுத்தாது. இதை ஒவ்வொருவரும் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். தண்டவாளத்தில் 75 வாட் கொதிக்கும்போது சுவர்ப் பக்கத்தில் 230 வோல்ட்டில் இழுக்கப்படுவது 0.4 ஆம்பியர்கூட இல்லை. 13 ஆம்பியர் பிளக் ஃபியூஸுக்கும் 20 ஆம்பியர் பிரேக்கருக்கும் அது ஒரு மின்விசிறி ஓடுகிற கணக்கு. மெயின் பெட்டியில் இருக்கும் கசிவு சுவிட்சான இ.எல்.சி.பி.யும் அசையாது. அது கரண்ட் நிலத்துக்குக் கசிந்தால் மட்டும் விழும். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் பிரித்து வைத்திருப்பதால் மேடையில் நடப்பது அதற்குத் தெரியவே தெரியாது. ஆகவே மேடையைக் காப்பாற்றும் வேலை முழுவதும் அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியினுடையது.

அந்தப் பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு 20 சென் காசு போதும். தண்டவாளத்தின் குறுக்கே காசை வைத்தால் பெட்டி அந்தக் கணமே நிற்க வேண்டும். மேடையில் நாலடிக்கு ஒரு இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஐயா வீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தபோது உடனே நின்றது. தூரத்து மூலையில் வைத்தேன், நிற்கவில்லை. மீட்டரில் 4 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. மெல்லிய வயரும் துருவேறிய இணைப்புகளும் கரண்ட்டைத் தடுத்து, 5 ஆம்பியரை எட்டவிடவில்லை. எட்டினால்தானே பெட்டி நிறுத்தும்? 60 வாட்டுக்கு மேல் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. காசைக் கையில் எடுக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

மருந்து ரொம்பச் சாதாரணம். வீட்டு பிளக் பாயிண்டுக்கு நாங்கள் இழுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை மேடைக்கு அடியில் முதுகெலும்பு மாதிரி ஓட்ட வேண்டும். 12 மீட்டர் போய்த் திரும்பினாலும் அதன் தடை 0.2 ஓமுக்குள் இருக்கும். ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனியாக ஒரு சின்ன வயர் இறக்கி அதோடு பற்றவைக்க வேண்டும். தண்டவாளங்களைக் கோர்க்கும் தகட்டை நம்பக் கூடாது. நம் ஊர் ஈரத்தில் ஒரே வருஷத்தில் அது கறுத்துவிடும்.

இன்னொரு விஷயம். இதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறும். தெரு விளக்கு, சிக்னல், தடம் மாற்றும் மோட்டார் எல்லாவற்றுக்கும் கரண்ட் போதவில்லை என்று சிலர் இரண்டு பழைய டிரான்ஸ்ஃபார்மர்களின் 16 வோல்ட் ஏசி முனைகளை ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். அப்புறம் ஒன்றின் பிளக்கை மட்டும் பிடுங்குகிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும் சாமான். மற்றதிலிருந்து வரும் 16 வோல்ட் இதற்குள் பின்பக்கமாக நுழைந்து 200 வோல்ட்டுக்கு மேல் ஏறி, கையில் பிடித்திருக்கும் பிளக்கின் ஆணியில் வந்து நிற்கும். சுவரிலிருந்து கழற்றிய பிளக் அது! யார் பயப்படுவார்கள்? குழந்தை எடுத்துப் பிடிக்காதா? தயவுசெய்து சேர்க்காதீர்கள். ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மருக்கும் தனி வேலை, தனி வயர். கரண்ட் போதவில்லை என்றால் பெரியதாக ஒன்று வாங்குங்கள்.

ஜப்பானிலிருந்து பழைய சாமான் தருவிக்கிற தம்பிமார்களுக்கும் ஒரு வார்த்தை. அந்நாட்டு வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அங்கே விற்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியை அடாப்டர் பிளக் மாட்டி நம் சுவரில் செருகினால் சில நிமிஷத்தில் உள்ளே சுருள் கருகும். பிளக்கின் வடிவம் பொருந்தினால் போதாது, பின்னால் ஒட்டிய லேபிளில் வோல்ட்டைப் படியுங்கள். இங்கேயே நம் நாட்டுத் தர நிறுவனமான சிரிமின் முத்திரையோடு விற்பதை வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை.

ஈயம் பற்றவைக்கும்போது எழும் புகை ஃபிளக்ஸில் இருக்கும் பிசினிலிருந்து வருகிறது, மூச்சிழுப்பைக் கிளப்பும், அதனால் ஜன்னலைத் திறந்து புகையை வெளியே தள்ளும்படி காற்றாடி வையுங்கள். ஈயம் கை வழியாகத்தான் வாய்க்குள் போகும், சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் கை வைக்காதீர்கள். மலை செய்யும் நுரைப் பலகை பற்றினால் கரும்புகை கக்கும், தீயணைக்கும் பவுடர் சிலிண்டர் ஒன்று கதவோரம் இருக்கட்டும். நம் பக்கத்து இடியைச் சொல்லவே வேண்டாம். மேகம் கறுத்தால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஐயா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “எனக்கு வயசாச்சு. அணைக்க மறந்துட்டா?” என்றார். அவர் கவலை எனக்குப் புரிந்தது. ஒற்றைத் தடத்தில் ரயில் ஓடிய காலத்தில் நிஜ ரயில்வேயும் ஆளின் ஞாபகத்தை நம்பவில்லை. டோக்கன் என்ற உலோகச் சாவியை ஸ்டேஷனில் வாங்கினால்தான் டிரைவர் அடுத்த தடத்துக்குள் நுழையலாம். சிங்கப்பூர் புக்கிட் தீமா ஸ்டேஷனில் 2011 ஜூன் கடைசி வரை அப்படித்தான் மாற்றிக்கொண்டார்கள்.

அதையே அவருக்குச் செய்து கொடுத்தேன். அறை வாசலில் ஒரு சாவி சுவிட்ச். மேடைக்குப் போகும் மொத்தக் கரண்ட்டும் அதன் வழியாகத்தான். அணைத்தால் மட்டுமே சாவி கையோடு வரும். ரயில் ஓட்டுகிறவர் முதலில் சாவியை வாங்க வேண்டும், முடித்ததும் திருப்பித் தர வேண்டும்.

போன மாதம் அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். ஐயா மதியத் தூக்கத்தில் இருந்தார். ஈப்போப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவர் பேத்தி ஓடிவந்து சாவியைத் திருப்பி எடுத்தாள், பிளக்கைப் பிடுங்கினாள், சாவியைச் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். “தாத்தா எழுந்ததும் டோக்கன் கேட்பாங்க மாமா” என்றாள்.