விலாவில் வைத்த கை

நள்ளிரவில் விழிப்பு வருகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில், விரிப்பில் நாய் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. இருட்டில் கையை நீட்டி அதன் விலாவில் வைத்துப் பார்க்கிறோம். ஒரு கணம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மெல்ல ஏறுகிறது, இறங்குகிறது. அது ஒற்றைக் கண்ணைத் திறந்து, ‘இப்போ என்ன?’ என்பதுபோல் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிடுகிறது. நமக்குத்தான் தூக்கம் போய்விடுகிறது.

வயதாகும் நாயோடு வாழ்கிறவர்களில் பலர் இதைச் செய்கிறார்கள், வெளியே சொல்லத்தான் கூச்சம். எங்கள் வீட்டு நாய்க்கு ஒன்பது வயது ஆனதிலிருந்து நானும் செய்கிறேன். அதற்கு நோய் எதுவும் இல்லை. மூக்கைச் சுற்றி நரைத்திருக்கிறது, படியேறும் முன் ஒரு நொடி யோசிக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் அந்தக் கை தானாகப் போகிறது.

கவலைக்குச் சொல்லப்படும் வழக்கமான மருந்து ஒன்று உண்டு: ‘நீ பயப்படுவதில் பெரும்பாலானவை நடக்கவே போவதில்லை.’ தேர்வு, வேலை, விமானப் பயணம் போன்றவற்றுக்கு அது சரி. இந்தக் கவலைக்கு அந்த மருந்து செல்லாது. நாய்க்கு வயதாகும். ஒரு நாள் நமக்கு முன்னால் போய்விடும். வந்தே தீரப்போகிற ஒன்றைப் பற்றிய கவலையிடம் ‘நடக்காது’ என்று சொன்னால் அது நம்பாது.

அப்படியானால் மூளை எதைப் பிடித்துக்கொண்டு தவிக்கிறது? 2016-ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குத் துப்பு தருகிறது. 45 பேரைக் கணினி விளையாட்டு ஒன்றின் முன் உட்காரவைத்தார்கள். திரையில் பாறைகள் வரும். அடியில் பாம்பு இருக்குமா இருக்காதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி ஒரு மின்னதிர்ச்சி. கண்மணி எவ்வளவு விரிகிறது, தோல் எவ்வளவு வியர்க்கிறது என்று அளந்துகொண்டே இருந்தார்கள். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது பதற்றம் உச்சத்தில் இல்லை. வரலாம், வராமலும் போகலாம் என்று வாய்ப்பு சரிபாதியாக இருந்தபோதுதான் உச்சம். வலி உறுதி என்பதைவிட, வலி வருமா என்று தெரியாததுதான் உடம்பை அதிகம் ஆட்டுகிறது.

நாயின் விஷயத்தில் ‘நடக்குமா’ என்ற கேள்வி இல்லை. ‘எப்போது’ என்பதுதான் இருட்டாக இருக்கிறது. இன்று கொஞ்சம் மெதுவாகச் சாப்பிட்டதே, அது ஏதாவதா, ஒன்றுமில்லையா? ஒவ்வொரு நாளும் ஒரு புதுப் பாறை. அதனால் ‘கவலைப்படாதே’ என்பதைவிட, அந்த இருட்டில் எவ்வளவை வெளிச்சமாக்க முடியும் என்று பார்ப்பது உருப்படியான வேலை என்று நினைக்கிறேன். ஓரளவு முடியும்.

முதலில் வயதுக் கணக்கு. ஒரு நாய் வருடம் ஏழு மனித வருடம் என்று எல்லோரும் சொல்வோம். ஒரு வயது நாய் குட்டி போடும், ஏழு வயதுக் குழந்தை அப்படியா? கணக்கு அங்கேயே உதைக்கிறது. 2020-ல் வந்த ஓர் ஆய்வு 104 லாப்ரடார் நாய்களின் டிஎன்ஏவை எடுத்துக்கொண்டது. டிஎன்ஏவின் எழுத்துகள் வயதோடு பெரிதாக மாறுவதில்லை, ஆனால் அவற்றின் மேல் ஒட்டிக்கொள்ளும் மீத்தைல் என்ற சின்ன வேதிக் குறிகள் மாறுகின்றன. புத்தகத்தின் வரிகள் அப்படியே இருக்க, ஓரத்தில் பென்சிலால் போட்ட டிக்குகள் மட்டும் கூடிக் குறைவது மாதிரி. நாயின் டிக்குகளையும் மனிதர்களின் டிக்குகளையும் ஒப்பிட்டபோது நேர்கோடு கிடைக்கவில்லை, வளைகோடு கிடைத்தது. நாயின் வயதுக்கு இயல் மடக்கை (கால்குலேட்டரில் ‘ln’ என்ற பொத்தான்) எடுத்து, 16-ஆல் பெருக்கி, 31-ஐக் கூட்ட வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு வயது லாப்ரடார் 31 வயது மனிதருக்குச் சமம். 2 வயதில் சுமார் 42, 4-ல் 53, 8-ல் 64, 12-ல் 71.

இந்த எண்களை முதலில் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. பிறகுதான் கோட்டின் வடிவம் கண்ணில் பட்டது. முதல் வருடங்களில் செங்குத்தாக ஏறிவிட்டு, 8-க்கும் 12-க்கும் நடுவே நான்கு ஆண்டுகளில் ஏழு வயதுதான் நகர்கிறது. நாம் கவலைப்பட ஆரம்பிக்கும் இடத்தில் கோடு சாய்ந்து படுத்துவிடுகிறது. (இது ஒரே இனத்தை வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் நாயின் பிறந்தநாள் கேக்கில் எழுதிவிட வேண்டாம்.)

உடல் அளவும் கணக்கில் நுழைகிறது. விலங்கு உலகில் பொதுவாகப் பெரியவை நீண்ட நாள் வாழும், யானையும் எலியும் போல. நாய்களுக்குள் மட்டும் தலைகீழ். கிரேட் டேன் பத்து வயதைத் தொடுவதே பெரிய விஷயம், சிவாவா பதினைந்தைத் தொடுவது சாதாரணம். 74 இனங்களை அலசி 2013-ல் வெளியிட்ட கணக்கின்படி, உடல் எடையில் ஒவ்வொரு 2 கிலோ கூடுதலுக்கும் சராசரி ஆயுளில் ஏறக்குறைய ஒரு மாதம் குறைகிறது. பெரிய நாய்களுக்கு முதுமை முன்கூட்டியே தொடங்குகிறது என்பதைவிட, தொடங்கியபின் வேகமாக ஓடுகிறது என்பதுதான் அந்த ஆய்வு அழுத்திச் சொன்னது.

சரி, கண்ணில் படும் மாற்றங்களுக்கு வருவோம்.

போன வருடம் ஒரு நாள் மாலை, பக்கவாட்டு வெளிச்சத்தில் எங்கள் நாயின் கண்ணில் நீலம் பூசியது மாதிரி ஒரு மங்கல் தெரிந்தது. கண்புரை, பார்வை போகப்போகிறது என்று முடிவே செய்துவிட்டேன். அன்று இரவு முழுக்க, குருட்டு நாயை எப்படிப் படியிறக்குவது என்ற யோசனை. மறுநாள் கால்நடை மருத்துவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு ஒரு பஞ்சு உருண்டையை எடுத்து அதன் மூக்குக்கு முன்னால் விழவிட்டார். நாயின் கண்கள் பஞ்சோடு கீழே போயின. இன்னொரு முறை. மறுபடியும் போயின. ‘இது கண்புரை இல்லை’ என்றார். பஞ்சு எதற்கு என்று கேட்டேன். விழும்போது சத்தம் வராது, காற்றும் அசையாது, அதனால் காதையும் மீசையையும் வைத்து நாய் ஏமாற்ற முடியாதாம்.

அந்த நீல மங்கலுக்குக் காரணம் எளியது. கண் வில்லையில் புதிய நார்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். பழையவை எங்கும் போவதில்லை, நடுவில் நெருங்கி நெருங்கி இறுகிவிடுகின்றன. இறுகிய நடுப்பகுதி ஒளியைச் சிதறடிப்பதால் நமக்கு நீலமாகத் தெரிகிறது. நாய்க்குப் பெரிதாக ஒன்றும் மறைவதில்லை. ஏழெட்டு வயதுக்கு மேல் மிகச் சாதாரணமாக வருவது. கண்புரை வேறு. அது வெள்ளையாக, அடைத்தாற்போல் இருக்கும், ஒளியை உள்ளே விடாது. வீட்டு வெளிச்சத்தில் நாம் இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம். ஒரு பஞ்சு உருண்டை தீர்த்துவைத்ததை நான் இரவெல்லாம் புரண்டு தீர்க்கப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு, அது இன்னும் மோசம். ‘வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுவது. மெதுவாக எழுகிறது, பந்தைத் துரத்தவில்லை, தொட்டால் உறுமுகிறது என்பதெல்லாம் பல சமயம் வயதின் குணம் அல்ல, மூட்டு வலி. நாள்பட்ட வலிக்கு நாய் பெரும்பாலும் கத்தாது, செய்வதைக் குறைத்துக்கொள்ளும். கூர்ந்து பார்த்தால் தடயம் கிடைக்கும். பின்னங்கால் நகங்கள் தரையில் உரசும் சத்தம் கேட்கிறதா? நடு விரல்களின் நகம் மட்டும் மழுங்கித் தேய்ந்திருக்கிறதா? காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து நடக்கிறது என்று அர்த்தம். காரணம் மூட்டாக இருக்கலாம், நரம்பாகவும் இருக்கலாம், மருத்துவரிடம் காட்ட வேண்டியது. மூட்டு வலியென்றால் இன்று அதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. நம் மாத்திரைப் பெட்டியில் இருப்பது அவற்றில் சேராது. மனிதர்களுக்கான இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும், பாராசிட்டமாலும் ஆபத்து.

நம் கையிலேயே இருக்கும் பெரிய மருந்து உணவுக் கிண்ணம். 48 லாப்ரடார் குட்டிகளை, ஒரே ஈற்றில் பிறந்தவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து ஆயுள் முழுக்கத் தொடர்ந்த ஓர் ஆய்வின் முடிவு 2002-ல் வெளியானது. அதிகம் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள், அதாவது அவற்றில் பாதி இறந்துவிட்டிருந்த வயது, 11.2 ஆண்டுகள், குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு 13. மூட்டுவாதத்துக்கு மருந்து தேவைப்பட்டதும் இவற்றுக்குத் தாமதமாகத்தான். நடத்தியது நாய் உணவு விற்கும் நிறுவனம் என்பது வேடிக்கை. ஆனால் இதைப் படித்துவிட்டு இளைத்த கிழ நாயின் சோற்றைக் குறைத்துவிடாதீர்கள். முதுமையில் தானாக எடை குறைந்தால் அதுவே ஓர் எச்சரிக்கை. இருட்டில் விலாவில் வைக்கும் அதே கை இதையும் சொல்லும். அழுத்தாமல் தடவும்போது எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது.

மனசும் மூப்படைகிறது. அல்சைமர் நோயில் மனித மூளையில் படியும் அமிலாய்டு புரதம் வயதான நாய்களின் மூளையிலும் படிகிறது. பழகிய அறையில் மூலையில் போய் முட்டிக்கொண்டு நிற்பது, இரவில் உலாத்துவது, கதவின் கீல் பக்கம் நின்று திறக்கும் என்று காத்திருப்பது என்று வெளிப்படும். 2001-ல் வந்த ஓர் ஆய்வில் 11-12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும், 15-16 வயதில் 68 சதவீதத்துக்கும் இத்தகைய அறிகுறி ஒன்றாவது இருந்தது. வயதான பீகிள் இன நாய்களை இரண்டு ஆண்டுகள் கவனித்து 2005-ல் வெளியிட்ட ஆய்வு, புது விளையாட்டுப் பொருள், துணை, நடை, கற்றல் பயிற்சி ஆகியவற்றோடு ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் (ஆன்டிஆக்சிடன்ட்) சேர்ந்த உணவும் கிடைத்தவை கற்கும் திறனை நன்றாகத் தக்கவைத்துக்கொண்டதைக் காட்டியது. கிழ நாயை ஓய்வாகப் படுக்கவைத்துவிட வேண்டாம் என்பதற்கு இது ஒரு காரணம். காது மந்தமாகும் முன்பே கைச் சைகைகளைப் பழக்கிவிட்டால் பிற்பாடு உதவும்.

இன்னொரு காரணம் நம் பக்கம் இருக்கிறது. இழப்பு வரும் முன்பே அதற்காகத் துக்கப்படுவதை, முன்கூட்டிய துக்கம் என்ற பெயரில் 1944-ல் எழுதியவர் எரிக் லிண்டேமான் என்ற மனநல மருத்துவர். அவர் சொன்ன ஓர் உதாரணத்தை என்னால் மறக்க முடியவில்லை. போருக்குப் போன கணவன் செத்துவிடுவான் என்று மனைவி வீட்டில் இருந்தபடியே அவனுக்காகத் துக்கம் காத்து முடித்துவிடுகிறாள். அவன் உயிரோடு திரும்பி வருகிறான். அவள் மனதில் அவனுக்கு இடம் இல்லை, விவாகரத்து கேட்கிறாள். நாய் வளர்ப்பவர்களிடமும் இதன் சின்ன வடிவத்தைப் பார்த்திருக்கிறேன். அது இன்னும் வாலாட்டிக்கொண்டிருக்கும், இவர்கள் கொஞ்சம் விலகி நின்று அதைப் பழைய புகைப்படம் மாதிரி பார்க்க ஆரம்பித்திருப்பார்கள்.

நம் தவிப்பு நமக்குள்ளேயே நிற்பதுமில்லை. 2019-ல் சுவீடனில் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தினர் 58 நாய்களின் முடியையும் அவற்றோடு வாழ்கிறவர்களின் முடியையும் எடுத்து, அதில் சேர்ந்திருந்த கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்து ஏறி இறங்கின. 2022-ல் பெல்ஃபாஸ்டில் நடந்த சோதனையில், பயிற்சி பெற்ற நான்கு நாய்கள், பதற்றத்தில் இருப்பவரின் வியர்வையையும் மூச்சுக்காற்றையும் அவரே அமைதியாக இருந்தபோது எடுத்தவற்றிலிருந்து பத்தில் ஒன்பது தடவைக்கு மேல் சரியாகப் பிரித்துக் காட்டின. ஆக, நள்ளிரவில் நாம் மறைத்துவைப்பதாக நினைக்கும் கவலை அதன் மூக்குக்கு எட்டியிருக்க வாய்ப்பு உண்டு. இதையும் ஒரு கவலையாக ஆக்கிக்கொள்ள வேண்டாம்.

அந்த நள்ளிரவுக்கு என்ன செய்வது? உளவியலாளர் தாமஸ் போர்க்கோவெக்கும் அவருடைய குழுவினரும் 1983-ல் சோதித்துப் பார்த்த முறை ஒன்று எனக்கு ஒத்துவந்தது. கவலைப்படுவதற்கென்றே தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். மற்ற நேரத்தில் வந்தால் ‘மாலை பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட வேண்டும். கவலையை அடக்கச் சொன்னால் அது திமிறும், ஒத்திப்போடச் சொன்னால் ஓரளவு ஒத்துக்கொள்கிறது. அந்த அரை மணியில் நான் ஒரு நோட்டில் எழுதுகிறேன்: சாப்பிட்டதா, தானாக எழுந்ததா, எடை என்ன. ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடைப் புற்றுநோய் மருத்துவர், கடும் நோயுற்ற பிராணிகளுக்காக வகுத்த அளவுகோலில் வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் கூடுதலா என்று ஏழு வரிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண். கூட்டினால் 35-க்கு மேல் இருக்க வேண்டும். எங்களுக்கு அது இப்போது தேவையில்லை. எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்கிறேன்.

நோட்டில் கடைசியாக ஓர் எண் எழுதுவேன். ஆழ்ந்து தூங்கும் நாயின் மார்பு ஒரு முறை ஏறி இறங்குவது ஒரு மூச்சு. 30 நொடிக்கு எண்ணி இரண்டால் பெருக்கினால் நிமிடக் கணக்கு. நலமாக இருக்கும் நாய்க்கு 30-க்குக் கீழேதான் இருக்கும். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கினால், வெளிப்படையாகத் திணறும் முன்பே இந்த எண் ஏற ஆரம்பித்துவிடும். நாலைந்து நாள் எண்ணி அதன் வழக்கமான எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டால், திரும்பத் திரும்ப 30-ஐத் தாண்டும்போது மருத்துவரைக் கூப்பிடலாம்.

நேற்று இரவும் விழிப்பு வந்தது, கை போனது. இந்த முறை எண்ணினேன். 30 நொடியில் 9, அதாவது 18. சந்தேகத்துக்கு இன்னொரு தரம் ஆரம்பித்தேன். நாலாவது மூச்சில் முன்னங்கால்கள் துடித்தன, உதடு மடிந்து மெல்லிய குரைப்பு ஒன்று வந்தது. கனவில் எதையோ துரத்துகிறது. கனவு காணும்போது எண்ணினால் கணக்கு தப்பிவிடும் என்பதால் கையை எடுத்துக்கொண்டேன்.