ஆர்கான்-41: கல்பாக்கத்தில் வேலிக்கு வெளியே வசிப்பவருக்கான கதிர்வீச்சு வரம்பும் அதன் கணக்கும்

கல்பாக்கம் அணுசக்தி வளாகத்தின் வேலிக்கு வெளியே வசிக்கும் ஒருவருக்கு, அங்குள்ள வசதிகளிலிருந்து காற்று, நீர், உணவு ஆகிய எல்லா வழிகளிலும் சேர்ந்து வரும் கதிர்வீச்சு ஓர் ஆண்டில் 1 மில்லிசீவர்ட்டை (சீவர்ட் என்பது உடல் பெறும் கதிர்வீச்சின் அலகு) தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. இயற்கைக் கதிர்வீச்சும் மருத்துவப் பரிசோதனைகளும் இதில் சேரா. இந்தக் கணக்கில் பெரும்பங்கு வகிப்பது ஆர்கான்-41 என்ற கதிரியக்க வாயு.

1984-லும் 1986-லும் இயங்கத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையத்தின் இரு உலைகளிலும், உலைக்கலத்தைச் சுற்றியுள்ள அறையில் காற்றே நிரம்பியிருக்கிறது. காற்றில் 0.93 விழுக்காடு உள்ள சாதாரண ஆர்கான், நியூட்ரானை ஏற்று ஆர்கான்-41 ஆக மாறிப் புகைபோக்கி வழியாக வெளியேறுகிறது. (பின்னாளில் கட்டிய கனநீர் உலைகளில் அந்த அறையில் நீரை நிரப்பியதால் இந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது.) எதனோடும் சேராத மந்த வாயு என்பதால் வடிகட்டியில் சிக்காது, மூச்சோடு உள்ளே போனாலும் தங்காது. ஆகவே கணக்கிட வேண்டியது, வாயு மேகத்திலிருந்து வெளியே நிற்பவர் மேல் விழும் காமா கதிரைத்தான்.

இதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் நேரம், ஏறத்தாழ 1 மணி 50 நிமிடம். மிதமான காற்றில் அதற்குள் மேகம் 20 கிலோமீட்டர் போய்விடும் என்பதால், பக்கத்து ஊர்களை அடையுமுன் அழிந்துவிடும் என்று எண்ண முடியாது.

முதலில் புகைபோக்கியில் வெளியேறும் அளவையும், வானிலைக் கோபுரம் பதியும் காற்றின் திசை, வேகம், நிலைத்தன்மை ஆகியவற்றையும் கொண்டு ஒவ்வோர் இடத்திலும் வாயுவின் செறிவு கணிக்கப்படுகிறது. மேகம் தரை வரை பரவிய இடத்தில் பெருக்கல் எளிது: ஒரு கன மீட்டருக்கு 1 பெக்கரல் (வினாடிக்கு ஓர் அணு சிதையும் அளவு) வீதம் ஆண்டு முழுவதும் இருந்து, அவரும் திறந்தவெளியிலேயே நின்றால், சுமார் 2 மைக்ரோசீவர்ட் (ஆயிரம் மைக்ரோசீவர்ட் ஒரு மில்லிசீவர்ட்) சேரும். அதாவது, இந்த வாயு ஒன்றே வரம்பைத் தொட ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 500 பெக்கரல் வேண்டும்.

புகைபோக்கிக்கு அருகில் இந்தப் பெருக்கல் செல்லாது. அங்கே மேகம் தலைக்கு மேலேயே போவதால், தரையில் காற்றைப் பிடித்து அளந்தால் ஆர்கான் அநேகமாக இருக்காது. ஆனால் காற்றில் சராசரியாக 150 மீட்டர் அளவுக்கு ஊடுருவும் காமா கதிர் கீழே வந்துகொண்டிருக்கும். எனவே மேகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் வருவதைக் கூட்ட வேண்டும். கடற்கரையின் சிக்கல் வேறு: பகலில் கடற்காற்று நிலத்தின் மேல் சூடேறிக் கலங்கும்போது, உயரத்தில் போன மேகம் சில கிலோமீட்டர் உள்ளே தள்ளித் தரைக்கு இறங்கக்கூடும்.

வளாகத்தைச் சுற்றி வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றப்படும் டி.எல்.டி. அளவிகள் (படும் கதிர்வீச்சைச் சேமித்து வைத்துப் பின்னர் சூடேற்றினால் ஒளியாகக் காட்டும் சிறு வில்லைகள்) மொத்தக் கதிர்வீச்சைக் காட்டுமே தவிர, அது எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. கல்பாக்கம் கடற்கரை மணலில் இயற்கையாகவே கதிர்வீசும் மோனசைட் என்ற தாது இருப்பதால், ஓரிடத்தில் அளவி கூடுதலாகக் காட்டினாலே நிலையத்தைக் குற்றம் சொல்லிவிட முடியாது. அதே காரணத்தால் நிலையத்தின் சிறு பங்கு அதற்குள் மறைந்தும் போகலாம். கணக்கீடு தேவைப்படுவது இதனால்தான்.

ஒழுங்குமுறை வாரியம் தன் ஆண்டறிக்கையில் ஒவ்வொரு அணுமின் வளாகத்துக்கும் பொதுமக்கள் பெற்ற கதிர்வீச்சளவை வெளியிடுகிறது. கூடுதல் விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் கேட்கலாம். அப்படிக் கேட்பவர், அந்த எண் எத்தனை கிலோமீட்டர் தொலைவுக்குப் போட்டது, ஆர்கானின் பங்கு அதில் எவ்வளவு என்ற இரண்டையும் விண்ணப்பத்தில் தனித்தனியே எழுதுவது நல்லது.