புல்லட் ஹெட்டைக் குடையக் கொடுக்கும் முன்

போன மாதம் ஒரு தம்பி பழைய புல்லட் 350-இன் ஹெட்டை (எஞ்சின் சிலிண்டரின் மேல்மூடி) செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தார். அப்பா ஓட்டிய வண்டியாம். "போர்ட்டிங் பண்ணியாச்சுண்ணே, ஆனா பிக்கப் செத்துப்போச்சு" என்றார். உள்ளே விரல் விட்டதுமே விஷயம் புரிந்தது. கார்புரேட்டர் உட்காரும் வாயிலிருந்து வால்வு வரை காற்று போகும் வழியை (அதுதான் போர்ட்) ஒரே குழாயாகக் குடைந்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பாலிஷ் போட்டிருந்தார்கள். சுத்தமான கைவேலைதான். ஆனால் தப்பான இடத்தில் செய்த வேலை.

'ஓட்டை பெரிசானா காத்து நிறைய போகும்' என்ற நம்பிக்கையில்தான் பாதி ஹெட்டுகள் வீணாகின்றன. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வார்ப்பிரும்பு காலத்து 350 எஞ்சினுக்கு போர் (சிலிண்டரின் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 90 மி.மீ., மிக்கார்ப் கார்புரேட்டரின் வாய் 24 மி.மீ. 2,500 ஆர்.பி.எம்.மில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 7.5 மீட்டர். அந்தக் காற்று 24 மி.மீ. வழியாக வர வேண்டுமென்றால் வினாடிக்குச் சுமார் 64 மீட்டர் வேகம் வேண்டும். போர்ட்டை 30 மி.மீ. ஆக்கினால் அதே காற்று அங்கே 41 மீட்டருக்கு இறங்கிவிடும். கார்புரேட்டரோ அதே 24-தான், அதனால் கூடுதல் காற்றும் வராது. வேகம் குறைந்தால் பெட்ரோல் துளிகள் காற்றோடு மிதக்காமல் சுவரில் படிந்து வழியும். மூன்றாவது கியரில் மெதுவாகப் போகும்போது திராட்டில் திருப்பினால் வண்டி இருமுவது இதனால்தான். புல்லட்டின் அழகே அந்த அடி இழுவைதானே!

காற்று உண்மையில் திணறுவது வால்வுக்குச் சற்று முன்னால், போர்ட் வளைந்து கீழே இறங்கும் இடத்தில். எங்கள் பேச்சில் அது 'ஷார்ட் சைடு', அதாவது வளைவின் உள்பக்கம். டவுன் பஸ் வேகமாகத் திரும்பும்போது படியில் நிற்பவன் வெளியே தள்ளப்படுவான் இல்லையா? காற்றும் அந்த முனையில் சுவரை விட்டு விலகி ஓடும். போர்ட்டின் தரையைத் தேய்த்தால் முனை இன்னும் கூர்மையாகும், விலகல் அதிகமாகும். தேய்ப்பதானால் மேற்கூரையை, அதுவும் கொஞ்சமாக.

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் காட்டிவிடுவேன். பட்டறையில் இரண்டு வேக்குவம் கிளீனர் மோட்டாரும், தண்ணீர் நிரப்பிய 'யு' குழாயும் வைத்து நானே கட்டிய ஃப்ளோ பெஞ்ச் (காற்றோட்டத்தை அளக்கும் மேடை) ஒன்று இருக்கிறது. அந்தத் தம்பியின் ஹெட்டை அதில் ஏற்றி, வால்வை டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு மில்லிமீட்டராகத் திறந்து அளந்தேன். பிறகு குழந்தைகள் விளையாடும் களிமண்ணை எடுத்து, குடைந்துவிட்ட தரையில் அப்பி, வளைவை உருட்டித் தேய்த்துவிட்டு மறுபடி அளந்தேன். வழி சிறியதானது, காற்றோ முன்னைவிடக் கூடுதலாகப் போனது. தரையை உறுத்திக்கொண்டு வந்த 'பர்ர்' சத்தமும் அடங்கியது. தம்பி குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பலன் தரும் வேலை வால்வைச் சுற்றிய அரை அங்குலத்தில் இருக்கிறது. வால்வு தன் விட்டத்தில் கால் பங்கு தூக்கும்வரை, பெரும்பாலும் காற்றைத் தடுப்பது வால்வு மூடும்போது உட்காரும் சீட்டுக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள இடுக்குதான். அதனால் 30, 45, 60 டிகிரி என்று மூன்று கோணத்தில் சீட் வெட்டி, சீட்டுக்குக் கீழேயுள்ள தொண்டையை வால்வு விட்டத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்குள் நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கத்துச் சீட்டை மட்டும் ரொம்ப ஒடுக்க வேண்டாம். அந்த வால்வு சூட்டை இறக்குவதே சீட் வழியாகத்தான். வால்வின் தண்டைத் தாங்கும் கைடு ஆடினால் முதலில் அதை மாற்றுங்கள். சீட் வெட்டும் கட்டரின் நடுத்தண்டான பைலட் கைடுக்குள்தான் நிற்கும், கைடு கோணினால் சீட்டும் கோணும்.

காற்று உள்ளே வரும் இன்டேக்கில் பாலிஷ் வேண்டவே வேண்டாம். 80-ஆம் நம்பர் எமரி விட்டுச் செல்லும் சொரசொரப்பு போதும். எக்ஸாஸ்டில் வேண்டுமானால் போடலாம், கரி சீக்கிரம் ஒட்டாது. பர் (குடையும் முனை) ஓட்டும்போது மாஸ்க் போடுங்கள். அலுமினியத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

பழைய ஹெட்டில் கை வைக்குமுன் விரிசல் பாருங்கள். பிளக் ஓட்டைக்கும் எக்ஸாஸ்ட் சீட்டுக்கும் நடுவில் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவுங்கள். விரிசல் இருந்தால் ஈரக் கோடு தானே எழும்பும். பழைய வார்ப்பில் சுவர் கனம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்காது. ஒரு பக்கம் தாராளமாக இருக்கும், மறுபக்கம் தகடு மாதிரி. அளக்காமல் குடைந்தால் வெளியே வந்துவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பழைய புல்லட்டின் பிக் எண்டில் (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடம்) இருப்பது மிதக்கும் புஷ், ரோலர் பேரிங் இல்லை. ஹெட் நன்றாக மூச்சுவிட ஆரம்பித்தால் ஆர்.பி.எம். ஏறும், அடி அந்தப் புஷ்ஷுக்கு விழும். அதற்கு எண்ணெய் தரும் ஆயில் பம்பைப் பார்க்காமல் ஹெட்டை மட்டும் செய்து தரச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன்.

தம்பி, "வெல்டு வச்சு நிரப்ப முடியாதாண்ணே?" என்று கேட்டார். முடியும். ஆனால் அந்தச் சூட்டில் சீட் தளரும், சிலிண்டரில் உட்காரும் முகம் கோணும், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். செலவு இன்னொரு ஹெட்டின் விலையைத் தாண்டும். பழைய உதிரிபாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்து யாரும் கை வைக்காத ஹெட் ஒன்றைப் பிடித்து வந்தார். அதில் கைடு மாற்றி, சீட் வெட்டி, கார்புரேட்டர் வாயில் கேஸ்கட் துருத்திய இடத்தைச் சமன் செய்தேன். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் ஏற்றிவிட்டு, ஒரு வாரம் ஓட்டிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். நல்ல பழுப்பு நிறம், கலவை சரியாக எரிகிறது. அப்பாவின் ஹெட் என் அலமாரியில் களிமண்ணோடு இருக்கிறது, அடுத்து வருகிறவருக்குக் காட்ட.