ஜெட் பயிற்சி விமானக் கம்பனிகள்: படத்தை நம்பிக் கோர்ஸுக்குக் காசு கட்டலாமா?

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் உயர்தரத்தில் கணிதம் எடுத்த பிள்ளைகள் பலருக்கு விமானப் பொறியியலில் ஆசை. போர் விமானிகளைப் பழக்கும் ஜெட் விமானங்களைச் செய்யப்போவதாகச் சொல்லும் புதிய வெளிநாட்டுக் கம்பனிகளின் படங்களைக் காட்டி, "இங்கே வேலைக்குப் போக இந்த டிப்ளோமா போதுமா?" என்று கேட்கிறார்கள். தோட்டத்துக் குடும்பம் ஈ.பி.எஃப். காசை எடுத்தும் நகையை அடகு வைத்தும் கட்டும் பணம் என்பதால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறோம்.

முதலில், அந்தப் படத்தில் இருப்பது பறந்த விமானமா, கணினியில் வரைந்ததா என்று பாருங்கள். பிரித்தானியாவின் ஏராலிஸ் கம்பனி, ஒரே உடலில் சிறகையும் எஞ்சினையும் மாற்றிப் பூட்டும் திட்டத்தோடு வந்தது. நல்ல யோசனைதான். ஆனால் 2024 முடியும்வரை அதன் விமானம் ஒன்றுகூடப் பறக்கவில்லை.

சிக்கல் சிறகு உடலோடு சேரும் மூட்டில் இருக்கிறது. 5 தொன் விமானம் ஒன்று 7 ஜீ விசையில், அதாவது தன் எடையின் ஏழு மடங்கு பாரத்தோடு திரும்பினால், சிறகுகள் தாங்கவேண்டியது கிட்டத்தட்ட 35 தொன். பக்கத்துக்குப் பதினேழு தொன்னளவு பாரம் சில போல்ட்டுகள் வழியே உடலுக்கு இறங்கும். பயிற்சி விமானத்துக்கு இது ஒரே பறப்பில் பலமுறை நடக்கும். போல்ட் துளையின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு தொடங்குவது இப்படித்தான். அதைக் கண்டுபிடிக்க, முழு விமானச் சட்டகம் ஒன்றைத் தரையில் பூட்டி, ஹைட்ரோலிக் ஜாக்குகளால் மாதக்கணக்கில் வளைத்து வளைத்துச் சோதிப்பார்கள். சிறகை மாற்றினால் பாரமையம், அதிர்வு, சுழன்று விழும் குணம் எல்லாம் மாறும். சோதனைகளில் பெரும்பகுதியைத் திரும்பச் செய்யவேண்டும்.

பறந்துவிட்டாலும் வாங்க ஆள் வேண்டும். அமெரிக்காவின் ஏ.டி.ஜி. கம்பனியின் ஜாவெலின் ஜெட் 2005இல் பறந்தது. பணம் கிடைக்காமல் கம்பனி 2008இல் திவாலானது. டெக்ஸ்ட்ரான் என்ற பெரிய கம்பனி, ஏர்லாண்ட் என்ற சிறு கம்பனியோடு கூட்டாகச் செய்த ஸ்கோர்பியன் 2013 டிசம்பரில் பறந்தது. அதை எந்த விமானப்படையும் வாங்கவில்லை. முப்பது வருடத்துக்கு உதிரிப்பாகம் தரக்கூடிய கம்பனியைத்தான் விமானப்படைகள் தேடும். போயிங்கே இந்தத் தொழிலில் திணறுகிறது. 2018இல் 351 டி-7ஏ பயிற்சி விமானங்களுக்கு 9.2 பில்லியன் டொலர் ஒப்பந்தம் பெற்றும், ஒரு பில்லியனுக்கு மேல் நட்டம். ஆபத்தில் விமானியை வெளியே வீசிக் காப்பாற்றும் ஆசனம், உடல் சிறிய விமானிகளுக்கு ஆபத்தாக இருந்தது தாமதத்துக்கு ஒரு காரணம். அந்த ஆசனத்தின் அருமை நமக்குத் தெரியும். 2025 மார்ச்சில் சீனக்குடாவிலிருந்து கிளம்பிய நம் விமானப்படையின் கே-8 பயிற்சி ஜெட் வாரியபொலவில் விழுந்தபோது விமானிகள் இருவரையும் காப்பாற்றியது அதுதான்.

இனி வேலை. அமெரிக்காவில் இராணுவத் தொழில்நுட்ப விபரங்களை, அரசு அனுமதி இல்லாமல், குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ இல்லாதவருக்குக் காட்டவே முடியாது. பிரித்தானியாவில் பாதுகாப்பு அனுமதி பெற, பொதுவாக ஐந்து வருடமாவது அங்கே வாழ்ந்திருக்கவேண்டும். இங்கிருந்து நேரே அந்த வேலைக்கு அனுப்புகிறேன் என்று முகவர் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள்.

விமானத் துறைதான் வேண்டுமென்றால், சிவில் விமானப் பராமரிப்பு உரிமத்துக்கு வழிகாட்டும் படிப்பைத் தேடுங்கள். காசு கட்டுமுன், அந்தக் கோர்ஸை நம் சிவில் விமான சேவைகள் அதிகார சபை அங்கீகரித்திருக்கிறதா, எந்த விமான வகைகளுக்கு என்பதை அதிகார சபையிடமே கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.