சரிவா இருக்கிற காணி எல்லாம் சரிவகம் இல்லீங்க

இலங்கை மலைநாட்டுல ஹட்டன், தலவாக்கலை பக்கம் காணி அளக்கிறதுதான் நமக்குத் தொழில். இங்க ஆளாளுக்கு ஒரு டேப்ப எடுத்துட்டுப் போயி நாலு பக்கமும் அளந்து, எதிரெதிர்ப் பக்கத்தக் கூட்டி ரெண்டால பிரிச்சு, வந்த ரெண்டையும் பெருக்கி, "சேர் இது சரிவகம், எட்டு பேர்ச்சஸ் கிட்ட வருது, உங்க பிளான்ல எப்படி ஏழு சொச்சம்?"னு வந்து நிக்கிறாங்க (பேர்ச்சஸ்ங்கிறது இங்க காணி அளக்கிற அலகு). போன கிழமையும் ஒரு கேஸ், இதால அண்ணன் தம்பி பேச்சே நின்னு போச்சு.

மண்ணு சரிவா இருந்தா சரிவகமாம். அப்படிப் பார்த்தா மலைநாட்டுல சதுரக் காணின்னு ஒன்னு இருக்கவே ஏலாதே! சரிஞ்சிருக்கிறது மண்ணு இல்லங்க, பக்கத்துக் கோடு. மத்த ரெண்டு கோடும் சமாந்தரமா இருக்கணும், அவ்வளவுதான். இங்கிலீஷ்ல ட்ரபீசியம்னு சொல்றது கிரேக்கத்துல சின்ன மேசை, மேசைக்கு அங்க ட்ரபேசா, அதுவே நாலு காலுங்கிறதுல இருந்து வந்த பேரு. மேசைல சரிவு இருந்தா வெச்ச டீ நிக்குமா?

நம்ம ஆளுங்கள மட்டும் குத்தம் சொல்லவும் ஏலாது. கி.மு. 300 வாக்குல யூக்ளிட்டே சதுரம், செவ்வகம், சாய்சதுரம், இணைகரம் தவிர மிச்ச நாற்பக்கல் எல்லாத்தையும் ட்ரபீசியம்ங்கிற இந்தப் பேர்லதான் சேர்த்தாரு. அஞ்சாம் நூற்றாண்டுல புரோக்ளஸ் வந்து, ஒரு சோடி சமாந்தரம்னா ட்ரபீசியம், இல்லாட்டி ட்ரபீசொய்ட்னு பிரிச்சாரு. 1795ல சார்லஸ் ஹட்டன்னு ஒரு இங்கிலாந்துக்காரரு (நம்ம ஹட்டனுக்கும் அவருக்கும் சம்பந்தமில்ல) தன்னோட கணித அகராதியில ரெண்டையும் மாத்திப் போட்டுட்டாரு, அமெரிக்காவுல இன்னைக்கும் அதேதான். அதனால யூடியூப் பார்த்துட்டு புள்ள ட்ரபீசொய்ட்னு சொன்னா அடிக்காதீங்க, அது நம்ம சரிவகம்தான்.

கணக்குக்கு வருவோம். மேல் எல்லை 40 அடி, கீழ் எல்லை 70 அடி, ரெண்டும் சமாந்தரம், பக்கம் ரெண்டும் 39 அடி. நம்ம ஆளு 55ஐ 39ஆல பெருக்கி 2145 சதுர அடிங்கிறாரு. பெருக்க வேண்டியது சரிஞ்ச பக்கத்த இல்லங்க, ரெண்டு எல்லைக்கும் நடுவுல செங்குத்தா உள்ள தூரத்த. அது 36 அடிதான், அப்போ 1980. ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி, அரைப் பேர்ச்சஸுக்கு மேல சும்மா காத்துல வந்திருக்கு! இந்த சராசரிக் கணக்கு செவ்வகத்துக்கு மட்டும்தான் சரி, மத்ததுக்கெல்லாம் எப்பவும் கூட்டித்தான் காட்டும், விக்கிறவங்களுக்கு நல்ல வசதி. சமாந்தரமே இல்லாத கோணல் காணிய மூலைக்கு மூலை கோடு போட்டு ரெண்டு முக்கோணமா அளக்கணும்.

டேப்ப மண்ணோட படுக்கப் போட்டும் அளக்காதீங்க, பிளான்ல வர்றது கிடைத் தூரம். அட்வான்ஸ் குடுக்க முந்தி பதிவுள்ள சர்வேயர் கீறின பிளானக் கேளுங்க, உறுதியில (காணிப் பத்திரத்துல) உள்ள பிளான் நம்பரோட ஒத்துப் பாருங்க. பாகம் பிரிக்கிறதா இருந்தா, தயவுசெஞ்சு எல்லாரும் வந்து நிக்கிற நாளாப் பார்த்து எங்களக் கூப்பிடுங்க. வேலி அடிச்சு முடிச்சிட்டு கூப்பிடாதீங்க.