250 நாட்டுக்கோழிக்கு அரசு மானியம்: ஐந்தாம் மாதம் எதை விற்பது, எதை வைப்பது?

தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறையின் நாட்டுக்கோழிப் பண்ணைத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிற பலரும் "ஐம்பது சதவீத மானியம்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே அறிவிப்பில் கவனிக்க வேண்டிய எண்கள் இன்னும் இரண்டு உண்டு. தீவனச் செலவில் அரசு பங்கு போடுவது நான்கு மாதங்களுக்கு மட்டும். பண்ணையைத் தொடர்ந்து நடத்துவதாக நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டியது மூன்று ஆண்டுகளுக்கு. நடுவில் உள்ள இரண்டரை ஆண்டுக்கும் மேற்பட்ட காலத்தை எப்படி ஓட்டப்போகிறோம் என்று யோசித்த பிறகு விண்ணப்பத்தை வாங்குங்கள்.

முதலில் கிடைப்பது என்னவென்று பார்த்துவிடலாம். 2023-24, 2024-25 ஆண்டுகளின் அறிவிப்புகளின்படி ஒரு அலகு என்பது 250 கோழிகள். கொட்டகை கட்டுவது, தீவனத் தட்டு, தண்ணீர்த் தட்டு வாங்குவது, நான்கு மாதத் தீவனம் ஆகியவற்றின் மொத்தச் செலவில் பாதி, அதாவது 1,56,875 ரூபாய், மானியம். மற்ற பாதியை வங்கிக் கடனாகவோ கைப்பணமாகவோ நீங்கள் போட வேண்டும். நான்கு வார வயதுள்ள 250 குஞ்சுகள் ஓசூர் மாவட்டக் கால்நடைப் பண்ணையிலிருந்து இலவசமாக வரும். மானியம் எந்தக் கட்டத்தில் கைக்கு வரும் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கொட்டகை பாதியில் நிற்கும்போது வட்டிக்கு வாங்கினால் மானியத்தின் பலன் அதிலேயே கரைந்துவிடும்.

விண்ணப்பிப்பவர் அந்தக் கிராமத்தில் நிரந்தரமாகக் குடியிருக்க வேண்டும். முந்தைய ஆண்டுகளில் அரசின் கோழி வளர்ப்புத் திட்டங்களில் பயன் பெற்றிருக்கக் கூடாது. கணவரை இழந்தவர்கள், ஆதரவற்றோர், திருநங்கைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு முன்னுரிமை உண்டு. 30 சதவீத இடம் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும். ஆதார் நகல், சிட்டா அடங்கல், உங்கள் பங்குப் பணத்துக்கான வங்கிச் சான்று, மூன்றாண்டு உறுதிமொழி ஆகியவற்றோடு பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் உதவி மருத்துவரைப் பார்த்தால் போதும். மாவட்டத்துக்குச் சில அலகுகளே ஒதுக்கப்படுகின்றன. ஆகவே அறிவிப்பு வரட்டும் என்று காத்திராமல் தாள்களைத் தயாராக வைத்திருப்பது நல்லது.

நிலம் குறைந்தது 625 சதுர அடி வேண்டும், குடியிருப்புகளிலிருந்து விலகியும் இருக்க வேண்டும். 250 கோழிக்குப் பிரித்தால் ஒன்றுக்கு இரண்டரை சதுர அடி. இரவில் அடைய இது போதும். பகலெல்லாம் உள்ளேயே பூட்டி வைத்தால் நாட்டுக்கோழி ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும், இறகு பிடுங்கும். கொட்டகையை ஒட்டி மேய்ச்சலுக்கும் இடம் உள்ளவர்களுக்குத்தான் இந்தத் திட்டம் பொருந்தும் என்பது என் கருத்து. அறிவிப்பு அதைக் கேட்கவில்லை, கோழி கேட்கும்.

இனி ஐந்தாம் மாதத்துக்கு வருவோம். வரும்போது குஞ்சின் வயது நான்கு வாரம். நான்கு மாதத் தீவனம் தீரும்போது அதற்கு ஐந்து மாதம் ஆகியிருக்கும். சேவல்கள் விலைபோகும் எடைக்கு வந்திருக்கும், பெட்டைகளில் முந்திப் பருவத்துக்கு வருபவை முட்டைக்குத் தயாராகும். வியாபாரி வாசலுக்கு வந்து மொத்தமாக விலை பேசுவதும் அப்போதுதான். தீவனச் செலவு முழுவதும் நம் தலையில் விழுகிற மாதமும் அதுவே என்பதால், கூட்டத்தையே கொடுத்துவிட்டுக் காலிக் கொட்டகையோடு நிற்கிறவர்கள் உண்டு. அடுத்த குஞ்சை விலைக்கு வாங்கித்தான் தொடர வேண்டும், அது எந்த இனத்துக் குஞ்சு என்பது வாங்கி வளர்த்த பிறகுதான் தெரியும். மூன்றாண்டு உறுதியைக் காப்பாற்ற வேண்டுமானால் தாய்க்கூட்டத்தை, அதாவது அடுத்த தலைமுறைக் குஞ்சுகளைத் தரப்போகிற பெட்டைகளையும் சேவல்களையும், நம் கூட்டத்திலிருந்தே பிரித்தெடுக்க வேண்டும். இதைச் சொல்லவே இவ்வளவும் எழுதுகிறேன்.

எப்படிப் பிரிப்பது? எல்லாவற்றையும் ஒரே நாளில் எடை போடுங்கள். பெட்டையில் நடுத்தர எடைக்கு மேலுள்ளவற்றையும், சேவலில் எடையில் நன்றாக முந்தி நிற்பவற்றையும் தனியே விடுங்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். நெஞ்செலும்பு நேராக இருக்கிறதா, கால் விரல்கள் கோணாமல் ஊன்றுகின்றனவா, கண் தெளிவாக இருக்கிறதா, மூக்கின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் பொருந்துகின்றனவா? நாட்டுக்கோழியில் பெருவெடை, சிறுவெடை என்று இரண்டு வகை உண்டு. பெருவெடை என்றால் நீண்ட கழுத்து, நிமிர்ந்த நிலை, தடித்த கால், தலையோடு ஒட்டிய சிறு கொண்டை. முட்டைக்கு வரத் தாமதமாகும், எண்ணிக்கையும் குறைவு, ஆனால் எடை நிற்கும். சிறுவெடை உருவில் சிறியது, சீக்கிரம் முட்டைக்கு வரும், அடையும் நன்றாகக் காக்கும். இரண்டையும் ஒரே அளவுகோலில் மதிப்பிட்டால் சிறுவெடை முழுவதும் விற்பனைக்குப் போய்விடும். அது பெரிய இழப்பு. நிறத்தை வைத்து மட்டும் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம், நாட்டுக்கோழியில் பல நிறம் இயல்பு.

முட்டைக்கு வந்த பிறகுதான் பெட்டையின் உண்மையான மதிப்பு தெரியும். இடுப்பு எலும்புகள் இரண்டுக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் முட்டையிடுகிற கோழி. காலில் வண்ண வளையம் போட்டு எந்தக் கோழி எத்தனை முட்டை இட்டது, எத்தனை பொரித்தது, இரண்டு மாதம் கழித்து எத்தனை குஞ்சு உயிரோடு நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கடைசிக் கணக்கே முக்கியம். அதிகம் இட்டும் அடையில் பொறுமையாக உட்காராத கோழியைவிட, 12 முட்டையில் 10 பொரித்துப் பருந்துக்கும் கீரிக்கும் தப்ப வைத்து வளர்க்கிற தாய், இன்குபேட்டர் இல்லாத பண்ணைக்கு மேலானது. வனராஜா, கிரிராஜா போன்ற மேம்படுத்தப்பட்ட ரகங்கள் முட்டையில் முந்தும், ஆனால் அடைகாக்கும் குணத்தை அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. அவற்றின் சேவலைக் கூட்டத்தில் விட்டால் அடுத்த தலைமுறையில் அந்தக் குணம் நீர்த்துப்போகும்.

எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அந்தச் சேவலை உங்கள் கொட்டகையிலேயே எடுத்தால் ரத்த உறவுக் கலப்பு வந்து, பொரிப்புத் திறனும் குஞ்சின் வலுவும் குறையும். வேறு ஊரில் அதே இனம் வளர்ப்பவரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். வந்த சேவலை மூன்று வாரமாவது தனியே கட்டி வைத்துக் கவனித்த பிறகே கூட்டத்தில் விட வேண்டும்.

தடுப்பூசி பற்றிச் சுருக்கமாக: குஞ்சு வாங்கும்போதே எவை போடப்பட்டுள்ளன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எட்டாம் வாரத்தில் வெள்ளைக்கழிச்சல் ஊசி தவறக் கூடாது. அரசுக் கால்நடை மருந்தகங்களில் இது இலவசம்.

தாய்க்கூட்டம் நிலைத்து, பொரிப்பும் விற்பனையும் கைவந்துவிட்டால் அடுத்த படியாக மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கம் இருக்கிறது. 1,000 தாய்க்கோழிகள், குஞ்சு பொரிப்பகம், குஞ்சு வளர்ப்புக் கூடம் சேர்ந்த கிராமப்புறக் கோழிப் பண்ணைக்கு 50 சதவீதம், 25 லட்சம் ரூபாய் வரை மூலதன மானியம் உண்டு. தனிநபர், சுய உதவிக் குழு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் யாரும் இணையதளம் வழியே விண்ணப்பிக்கலாம். நிலம் வாங்குவதற்கு மானியம் இல்லை. வங்கியில் திட்ட அறிக்கை கேட்பார்கள். அதில் உங்கள் கோழியின் முட்டை எண்ணிக்கையையும் பொரிப்பு விகிதத்தையும் எழுத வேண்டிய இடத்தில், வளையம் போட்டு எழுதிய அந்த நோட்டு பயன்படும்.